விட்சர் 3ஐ எங்கே நிறுத்துவது, எந்த நூலைத் திறப்பது

கேமை மூடி வைத்துவிட்டு ஒரு ஃபேன்டஸி நாவல் படிக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறு செய்கிறார்கள். கேமை அன்றைக்கு எங்கே சலிப்புத் தட்டியதோ அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு, முதுகுப் பகுதியில் '1' என்று போட்டிருக்கும் நூலை வாங்கி வந்துவிடுகிறார்கள். நாற்பது பக்கம் ஓடும், பெயர்கள் குழம்பும், புத்தகம் அலமாரிக்குப் போகும், கை மறுபடி கன்ட்ரோலரைத் தேடும். 'எனக்குப் படிக்கிற பொறுமை இல்லை' என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். நிறுத்திய இடமும் தொடங்கிய இடமும்தான் பிசகு.

இதை விட்சரை வைத்தே சொல்கிறேன். விட்சர் என்றால் கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடுபவன், கதைநாயகன் கெரால்ட் அப்படி ஒருவன். கேமும் நாவலும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் இன்னொரு உதாரணத்தைக் காட்டுவது கடினம். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் முதல் விட்சர் சிறுகதை 1986 டிசம்பரில் 'ஃபான்டாஸ்டிகா' என்ற இதழில் வந்தது. அந்த இதழ் நடத்திய போட்டியில் அதற்கு மூன்றாம் இடம். சிடி புரோஜெக்ட் ரெட் நிறுவனத்தின் முதல் கேம் 2007இல் வந்தது, மூன்றாவது 2015 மே மாதம். கேம்கள் நூல்களின் கதையைத் திருப்பிச் சொல்வதில்லை. நூல் வரிசை முடிந்த பிறகு நடப்பதாக விளையாட்டுக் குழு எழுதிய தொடர்ச்சி அவை. அதனால்தான் எங்கே நிறுத்துகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. கேம் போகிற போக்கில் நூலின் ரகசியங்களை உடைத்துக்கொண்டே போகும்.

முதலில் நூல் வரிசை. இங்கேதான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள், அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. மொத்தம் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள், ஐந்து நாவல்கள், பிறகு தனியாக இரண்டு. முதலில் படிக்க வேண்டியது 'தி லாஸ்ட் விஷ்', அடுத்து 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி'. இரண்டும் சிறுகதைகள். அதற்குப் பிறகுதான் ஐந்து நாவல்கள்: 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்', 'டைம் ஆஃப் கன்டெம்ப்ட்', 'பாப்டிசம் ஆஃப் ஃபயர்', 'தி டவர் ஆஃப் தி ஸ்வாலோ', 'லேடி ஆஃப் தி லேக்'. போலிஷ் மொழியில் இவை 1992க்கும் 1999க்கும் இடையில் வந்து முடிந்துவிட்டன. ஆங்கிலத்தில் கதையே வேறு. 'தி லாஸ்ட் விஷ்' 2007இல் வந்தது, அடுத்து 2008இல் நேராக 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்' வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி' 2015இல்தான் கிடைத்தது. இதனால் பழைய பட்டியல்கள் பலவற்றில் அந்த நூலே இல்லை. போதாததற்கு, நாவல் வரிசையின் முதல் நூல் என்பதால் 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்' மேல் '1' விழுந்துவிடுகிறது.

சிறுகதைகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும்? 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்' தொடங்கும்போது கெரால்ட்டின் பொறுப்பில் சிரி என்ற சிறுமி ஏற்கெனவே வந்துவிட்டாள். அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், ஏன் பிரிந்தார்கள், மறுபடி எப்படிச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி'யின் கடைசி இரண்டு கதைகளில் இருக்கிறது. ஐந்து நாவல்களும் அந்த இரண்டு கதைகளின் மேல்தான் நிற்கின்றன. அஸ்திவாரத்தைப் பார்க்காமல் நேரே மாடி ஏறினவருக்கு, ஒரு வயதான வேட்டைக்காரன் யாரோ ஒரு சிறுமிக்காக ஏன் உயிரை விடத் துணிகிறான் என்பது கடைசிவரை மனதில் ஒட்டாது.

இனி கேம் பக்கம். விட்சர் 3ஐ இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால், நிறுத்த மிக நல்ல இடம் வெகு சீக்கிரமே வந்துவிடும். ஒயிட் ஆர்ச்சர்ட் கிராமத்தில் கிரிஃபினைக் கொல்லும் பணி முடிந்ததும், மதுக்கடைக்குத் திரும்புவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். அது லெவல் 3 பணி. நிதானமாக ஆடினாலும் நாலைந்து மணி நேரத்தில் அங்கே வந்துவிடலாம். அந்த இடத்தைச் சொல்லக் காரணம் உண்டு. கடைக்குத் திரும்பினால் கதை உங்களை விசிமா அரண்மனைக்கு இழுத்துப் போகும். அங்கே சக்ரவர்த்தி எம்ஹிரோடு நடக்கும் பேச்சில், நூல் வரிசை கடைசிவரை பொத்திப் பாதுகாக்கும் ஓர் உறவு சர்வ சாதாரணமாக வெளியே வந்துவிடுகிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது. கேமின் தொடக்கப் பணிகளில் ஒன்றுக்குப் பெயர் 'லைலாக் அண்ட் கூஸ்பெரீஸ்'. ஏன் அந்த வாசனை, அது வீசியதும் கெரால்ட் ஏன் அப்படி ஆகிறான் என்பதற்கு விடை 'தி லாஸ்ட் விஷ்' தொகுப்பின் கடைசிக் கதையில் இருக்கிறது. அந்தக் கதையை முடித்துவிட்டு மதுக்கடைக் கதவைத் திறந்தால், அடுத்து வரும் காட்சி முற்றிலும் வேறு காட்சியாக இருக்கும்.

அந்த இடத்தை ஏற்கெனவே தாண்டியவர்கள் மனம் தளர வேண்டாம். வெலனில் பிளடி பேரனின் கதை முழுதாக முடிந்ததும் நிறுத்துங்கள். அது தனக்குள் முடிகிற கதை, மனதில் தொங்கல் விழாது. எம்ஹிர் சொன்னதைக் கேட்டுவிட்டவருக்கு 'என்ன' என்ற திகைப்பு போய்விட்டிருக்கும், 'எப்படி' என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கும். ஐந்து நாவல்களைத் தாங்க அது போதும்.

அதையும் தாண்டி வெகுதூரம் போனவர்களுக்குக் கடைசி நல்ல இடம், பனிமூட்டத் தீவுக்குக் கிளம்பும் முன்பு. அந்தத் தீவுக்குப் போனபின் முடிக்காத பக்கப் பணிகளில் சில 'தோல்வி' என்று மூடப்பட்டுவிடும் என்பதால் எப்படியும் அங்கே நின்று கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அதன் பிறகு சிரியோடு பேசும் சில இடங்களில் நீங்கள் எடுக்கும் முடிவுகள்தான் கேமின் முடிவைத் தீர்மானிக்கின்றன. சின்னச் சின்ன முடிவுகள், பார்த்தால் முக்கியம் என்றே தோன்றாது. குறைந்தது 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி' வரை படித்துவிட்டு அங்கே போங்கள். எந்தப் பதில் சரி என்று இணையத்தில் தேட வேண்டியிருக்காது. அந்தப் பெண்ணை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நிறுத்தும் முறைக்கு வருகிறேன். ஒரு பணியின் நடுவில் நிறுத்தாதீர்கள். பணி முடித்து, பரிசு வாங்கி, ஏதாவது ஊரில் வழிகாட்டிப் பலகைக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். பையில் இருக்கும் வேண்டாத பொருள்களை அன்றைக்கே விற்றுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திறக்கும்போது எது குப்பை, எதை ஏதோ காரணத்துக்காக வைத்திருந்தோம் என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது. மூட்டையைப் பார்த்ததுமே ஆயாசம் வரும். ஆட்டோ சேவ் ஒன்றையே நம்ப வேண்டாம், மேனுவல் சேவ் ஒன்று தனியாகப் போடுங்கள். வீட்டில் இன்னொருவர் அதே கணினியில் ஆடினால் ஆட்டோ சேவ் மேலெழுதப்பட்டுவிடும். கணினியில் சேவ்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் 'தி விட்சர் 3', அதற்குள் 'கேம்சேவ்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

மாட் (ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்புகள்) போட்டு ஆடுகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை. ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்ட்டீஸ், அதில் அப்டேட்ஸ் பகுதிக்குப் போய், கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி மாற்றி வையுங்கள். போட்டிருக்கும் மாட்களின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட், அதற்கு முந்தைய மாட்களில் ஏராளமானவற்றை ஒரே நாளில் செயலிழக்க வைத்தது. நீங்கள் நாவலில் மூழ்கியிருக்கும்போது அப்படி ஒன்று வந்தால், திரும்பி வந்து பார்க்கையில் எது உடைந்தது என்று தேடவே ஒரு வாரம் போகும்.

பிறகு ஒரு தாளில் நாலு வரி. எங்கே நிற்கிறேன், எந்தப் பணியை அடுத்து எடுக்க நினைத்தேன், திறன் புள்ளிகளை எதில் போட்டு வந்தேன் (வாள்வீச்சா, சைன்கள் என்ற மந்திரங்களா, ரசாயனமா), எந்தக் கவசத் தொகுப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கதைச் சுருக்கம் எழுத வேண்டாம். கேமே அதைப் பார்த்துக்கொள்ளும். சேவ் கோப்பைத் திறக்கும்போது லோடிங் திரையில் கெரால்ட்டின் நண்பனான பாடகன் டான்டிலியன் குரலில் இதுவரை நடந்தது சொல்லப்படும். ஆனால் உங்கள் மனதில் இருந்த திட்டம் டான்டிலியனுக்குத் தெரியாது.

இதெல்லாம் நிறுத்தினால் நிற்கிற கேமுக்கு. கென்ஷின் இம்பாக்ட் மாதிரி தினமும் வாசலில் வந்து கதவைத் தட்டுகிற கேம்களும் இருக்கின்றன. அதில் பரிசுகளைப் பெறச் செலவழிக்கும் ரெசின் எட்டு நிமிடத்துக்கு ஒன்று ஊறும். உச்சவரம்பு 200, அதாவது 26 மணி 40 நிமிடத்தில் நிறைந்து, அதற்குமேல் ஊறுவது நின்றுவிடும். தினம் ஒருமுறை வந்துவிடு என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள். இத்தகைய கேமில் இருந்து இடைவேளை எடுக்க நாள் பார்த்துக் கிளம்ப வேண்டும். வெல்கின் மூன் என்ற 30 நாள் கட்டணச் சலுகையை வாங்கியிருந்தால் அது தீரும் நாளன்று நிறுத்துங்கள். உள்ளே வராத நாளின் 90 ப்ரைமோஜெம் (கேமின் நாணயம்) திரும்பக் கிடைக்காது. காசு கொடுத்தது வீணாகிறதே என்ற எண்ணமே படிக்கவிடாமல் அரிக்கும். ஒரு பதிப்பு வழக்கமாக 42 நாள். அதன் நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு, அடுத்தது தொடங்கும் முன் கிளம்பினால் பாதியில் விட்டோம் என்ற உறுத்தல் இருக்காது. அறிவிப்புகளை மட்டும் அணைத்தால் போதாது, ஆப்பையே போனிலிருந்து நீக்குங்கள். கணக்கு சர்வரில் பத்திரமாக இருக்கும்.

மாதச் சந்தாவில் கேம் ஆடுகிறவர்கள் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

எந்த நேரத்தில் படிப்பது? இதில்தான் இடைவேளை வெல்வதும் தோற்பதும். பெரும்பாலானோர் கேம் ஆடின நேரத்தைச் சும்மா போனில் கரைத்துவிட்டு, தூங்கப் போகும்போது புத்தகத்தை எடுக்கிறார்கள். மூன்றாவது பக்கத்தில் கண் சொக்கும், மறுநாள் அதே மூன்று பக்கத்தைத் திரும்பப் படிப்பார்கள், ஒரு வாரத்தில் புத்தகம் 'ஓடவில்லை' என்ற முடிவுக்கு வருவார்கள். இரவு எட்டிலிருந்து பத்துவரை கேம் ஆடி வந்தீர்கள் என்றால், அதே எட்டு மணிக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். உடம்புக்கு அது விழிப்பான நேரம் என்று பழகியிருக்கிறது. ஆனால் கேம் ஆடும் அதே நாற்காலியில் உட்கார வேண்டாம். கை தன்னால் மவுஸைத் தேடும். வேறு அறை, இல்லாவிட்டால் வேறு மூலை, தலைக்குப் பின்னால் வெளிச்சம், போன் அடுத்த அறையில்.

எவ்வளவு படிப்பது என்பதை நீங்களே அளந்து பாருங்கள். ஆங்கில நூலின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 300 சொல். நிமிடத்துக்கு 180 சொல் படிக்கிறவருக்கு 20 பக்கத்துக்கு 33 நிமிடம் ஆகும். 'தி லாஸ்ட் விஷ்' சுமார் 280 பக்கம், ஆகவே தினம் 20 பக்கம் என்றால் இரண்டு வாரம். விட்சர் 3இன் முதன்மைக் கதையை மட்டும் ஆடவே 50 மணி நேரம் பிடிக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இந்த நூல் முடிந்துவிடும். ஆங்கிலம் சற்றுத் தடுக்கினால் தினம் 12 பக்கம் போதும். வேகத்தை விட, இடையில் நாள் விடாமல் இருப்பதுதான் முக்கியம். மூன்று நாள் விட்டால் பெயர்கள் கலைந்துவிடும்.

முதல் நூலைத் திறந்ததும் வரும் சிக்கல் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'தி லாஸ்ட் விஷ்'ஷில் ஆறு சிறுகதைகள். அவற்றுக்கு இடையில் 'தி வாய்ஸ் ஆஃப் ரீசன்' என்ற தலைப்பில் ஏழு துண்டுகள் வரும். நூல் அந்தத் துண்டுகளில் முதலாவதோடுதான் தொடங்குகிறது. இரண்டே பக்கம், யார் என்ன என்று எதுவும் புரியாது. குழம்ப வேண்டாம். முதல் சிறுகதையில் பட்ட காயம் ஆறும்வரை கெரால்ட் ஒரு கோயிலில் தங்கியிருக்கிறான். ஏழு துண்டுகளும் அந்தத் தங்கலில் நடப்பவை, சிறுகதைகள் அதற்கு முன்பு நடந்தவை. கதைகளை மட்டும் படித்துவிட்டு துண்டுகளைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு, அது தவறு. கெரால்ட் தன்னைப் பற்றி மனம் திறந்து பேசுவது அந்தத் துண்டுகளில்தான்.

கேமில் இருந்து வருகிறவருக்கு இந்த நூல் வசதியாக அமைந்ததற்குக் காரணம் கதைகளின் அளவு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 முதல் 60 பக்கம். ஓர் ஊர், ஒரு பிரச்சினை, ஒரு கூலிப் பேச்சு, ஒரு முடிவு என்று கேமில் நீங்கள் எடுக்கும் விட்சர் கான்ட்ராக்டின் அதே உருவம். இரண்டு நாளைக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டால் பணி முடித்த திருப்தியும் கிடைக்கும். முதல் கதையில் ஸ்ட்ரிகா என்ற அரக்கியோடு நடக்கும் சண்டை 2007 கேமின் தொடக்கக் காணொளியாகவே வந்தது. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு கதையைப் படித்தாலும் சரி, படித்துவிட்டுப் பார்த்தாலும் சரி.

ஆனால் உள்ளே இருப்பது வேறு சரக்கு. சண்டைக் காட்சிகள் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும், சில கதைகளில் சண்டையே பெரிதாக இல்லை. பேச்சுதான் அதிகம்: பேரம், வாக்குவாதம், ஒருவர் சொல்லாமல் மறைப்பது. நமக்கு இந்த வடிவம் புதிதல்ல. வேதாளம் ஒரு கதையைச் சொல்லி முடித்து, இப்போது சொல், யார் செய்தது சரி என்று விக்கிரமாதித்தனைக் கேட்கும். தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சப்கோவ்ஸ்கியின் நல்ல கதைகள் எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி இருக்கிறது, கேட்கும் வேதாளம்தான் இல்லை. 'தி லெஸ்ஸர் ஈவில்' கதையில் இரண்டு தீமைகளில் எது சிறியது என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். கெரால்ட்டுக்கு பிளாவிகனின் கசாப்புக்காரன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அங்கேதான். கேமில் வழிப்போக்கர்கள் அந்தப் பெயரைச் சொல்லித் துப்புவதைக் கேட்டிருப்பீர்கள். நான் ஒரே ஒரு கதையைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

கேம் ஆடியவர்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஸ்ட்ரிகா, கிகிமோரா, புரூக்ஸா என்று நூல் பேசும்போது அகராதி வேண்டாம், உருவம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அதே அனுகூலம் சில இடங்களில் இடைஞ்சலும் ஆகும். கேமில் கெரால்ட் முதுகில் எப்போதும் இரண்டு வாள் தொங்கும்; நூலில் வெள்ளி வாள் சுற்றி வைக்கப்பட்டிருந்து, தேவைப்படும்போது மட்டும் வெளியே வரும். கேமில் சண்டை நடுவே மருந்தைக் குடித்துக்கொண்டே அடிக்கலாம். நூலில் சண்டைக்கு முன்பே குடித்துவிட்டு அது உடம்பில் ஏறக் காத்திருக்க வேண்டும், முகம் வெளுத்துக் கண்மணி விரிந்து பார்ப்பவர் பயப்படும்படி ஆகிவிடுவான். காயம் பட்டால் தியானத்தில் உட்கார்ந்து எழுந்தால் ஆறிவிடாது, வாரக்கணக்கில் படுக்க வேண்டும். இந்த வித்தியாசங்களைப் பிழை என்று எண்ணாதீர்கள். நூலின் கெரால்ட் எளிதில் சாகக்கூடியவன், ஒவ்வொரு முறை வாளை உருவும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான்.

க்வென்ட் சீட்டாட்டத்தை நூலில் தேட வேண்டாம். குள்ளர்கள் ஆடும் ஒரு சீட்டாட்டம் நூலில் உண்டு, நீங்கள் ஆடிய விதிகள் விளையாட்டுக் குழு புதிதாக உருவாக்கியவை.

பெயர்கள் மறந்துபோனால் இணையத்தில் தேடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். விட்சர் விக்கியில் ஒரு பாத்திரத்தின் பக்கத்தைத் திறந்தால் முதல் பத்தியிலேயே அவர் எப்படிச் செத்தார் என்று இருக்கும். தேடல் பெட்டியில் பெயரைப் பாதி அடிக்கும்போதே மீதியைத் தேடுபொறி சொல்லிக் கொடுத்துவிடும். கேமுக்குள் இருக்கும் பாத்திரக் குறிப்புகளும் அப்படியே, நூலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடும். பழைய முறையே நல்லது: நூலின் கடைசியில் ஒரு தாளை வைத்து, புதிய பெயர் வரும்போது பெயர், ஊர், யாருக்கு வேண்டியவர் என்று மூன்று சொல். அரசர்களுக்குத் தனித் தாள். நாவல்களில் அரசியல் கனமாகும், டெமேரியா, ரெடானியா, நில்ஃப்கார்ட் என்று அரசுகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும். யூடியூபில் விட்சர் காணொளிகளைப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் அந்தப் பார்வை வரலாற்றை ஓரிரு மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள். முகப்புப் படத்திலேயே கதையை உடைக்கிறவர்கள் அங்கே அதிகம்.

டான்டிலியன் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. போலிஷ் மூலத்தில் அந்தப் பாடகன் பெயர் யாஸ்கியர். அது வேறொரு மஞ்சள் பூவின் பெயர். ஆங்கில மொழிபெயர்ப்பும் கேமும் டான்டிலியன் என்றன, 2019இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் மூலப் பெயரையே எடுத்துக்கொண்டது. இருவரும் ஒருவரே.

படிக்கும்போது கேமின் இசையைப் போடுவது நல்ல யோசனைதான், ஆனால் சண்டைப் பாடல்களைத் தவிருங்கள். அவற்றில் பெண்களின் குரல் உரத்து எழும். மொழி புரியாவிட்டாலும் குரல் கேட்கும்போது வாக்கியம் தடுமாறும். குரலில்லாத மெல்லிய துண்டுகளை மட்டும் ஒரு பட்டியலாக்கிக்கொள்ளுங்கள். பயண நேரத்தில் கேட்க விரும்பினால் பீட்டர் கென்னி வாசித்த ஒலிநூல் இருக்கிறது, முதல் நூல் சுமார் 10 மணி நேரம். குள்ளர்களுக்கு ஒரு பேச்சு, அரசர்களுக்கு ஒரு பேச்சு என்று குரலை மாற்றி வாசித்திருக்கிறார். முதல் கதையைக் கண்ணால் படித்துவிட்டு, அதற்குப் பிறகு காதுக்கு மாறுவது நல்லது. பெயர்களின் எழுத்து வடிவம் ஒருமுறையாவது மனதில் பதிய வேண்டும்.

இந்த நாள்களில் கேமே தொடக்கூடாதா? கால்பந்து, கார் பந்தயம் மாதிரி கதையில்லாத ஆட்டம் ஒன்றை வார இறுதியில் ஆடலாம், ஒரு கெடுதலும் இல்லை. இன்னொரு கதை கேமைத் தொடங்காதீர்கள். இரண்டு உலகத்தின் பெயர்களும் போர்களும் தலைக்குள் முட்டிக்கொண்டால், சத்தமாக இருக்கும் பக்கம்தான் ஜெயிக்கும். புத்தகம் சத்தம் போடாது.

'சோர்ட் ஆஃப் டெஸ்டினி' முடிந்ததும் கேமுக்குத் திரும்பலாம். ஒரு நாவல்கூடத் தொடாமல் இந்த இரண்டு தொகுப்போடு நின்றாலும் அது முழுமையான வாசிப்புதான். தொடர விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்' மெதுவாக நகரும், பயிற்சியும் பாடமும் பயணமுமாகப் போய், முடிவே இல்லாமல் நிற்கும். பலர் கைவிடும் இடம் அதுதான். அதைத் தனி நூலாக எண்ணாமல் 'டைம் ஆஃப் கன்டெம்ப்ட்'டின் முதல் பாதியாக எண்ணி, இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். இரண்டாவது நூலில் தானெட் தீவின் இரவு வருகிறது, அங்கிருந்து வேகம் குறையவே குறையாது. நோவிகிராட் குளியல் இல்லத்தில் டைக்ஸ்ட்ரா ஏன் கெந்திக் கெந்தி நடக்கிறார் என்பதும் அங்கே தெரியவரும்.

திரும்பி வந்த முதல் நாள் முதன்மைக் கதையைத் தொடாதீர்கள். விரல்கள் மறந்திருக்கும். பொத்தான் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, உங்கள் லெவலுக்குக் கீழே இருக்கும் டிரவுனர்கள் என்ற நீர் அரக்கர்கள் திரியும் ஏரிக்கரைக்குப் போய் அரை மணி நேரம் சண்டை போடுங்கள்: அரக்கருக்கு வெள்ளி, மனிதருக்கு எஃகு, அடிபடும் முன் க்வென் என்ற காப்பு மந்திரம், விலகுவதற்கும் உருளுவதற்கும் தனித்தனிப் பொத்தான். பையில் கடுமையான மது ஒரு குப்பியாவது இருக்கிறதா என்று பார்த்து ஒரு மணி நேரம் தியானத்தில் உட்காருங்கள். தீர்ந்த மருந்துகள் எல்லாம் நிரம்பிவிடும். மது இல்லாமல் தியானம் செய்துவிட்டு, மருந்து நிரம்பவில்லையே என்று குழம்புகிறவர்கள் அதிகம். முதல் சில நாள் சிரம அளவைக் குறைத்து ஆடினாலும் தவறில்லை, அமைப்பில் எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

விட்சர் ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக. எல்டன் ரிங் ஆடுகிறவர்கள் அதன் நாவலைத் தேடி அலைய வேண்டாம், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அந்த உலகின் முற்காலப் பின்னணியைத்தான் எழுதிக் கொடுத்தார். பால்டர்ஸ் கேட் 3 ஆடுகிறவர்கள் அதே ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகில் நடக்கும் ஆர். ஏ. சால்வடோரின் 'ஹோம்லேண்ட்' (1990) நாவலில் தொடங்கலாம். கேமின் தோழர்கள் அதில் வர மாட்டார்கள், ஆனால் லோல்த் தேவியை வழிபடும் டிரவ் மக்களின் பாதாள நகரம் எப்படி இயங்குகிறது என்பது அங்கே இருக்கிறது. கேமில் வரும் டிரவ் பெண் மின்தாராவின் பேச்சு அதற்குப் பிறகு வேறு மாதிரி கேட்கும்.

இன்னும் ஓர் இடைவேளை பாக்கி இருக்கிறது, என் கணக்கில் அதுதான் மிக முக்கியமானது. 'பிளட் அண்ட் வைன்' விரிவாக்கத்தை இன்னும் தொடவில்லை என்றால், தொடாமல் வையுங்கள். டூசானுக்கு அழைக்கும் பணி (பரிந்துரைக்கப்படும் லெவல் 34) பட்டியலில் நிற்கும், நிற்கட்டும். அதில் ரீஜிஸ் என்று ஒருவர் வருகிறார். அவர் முதலில் தோன்றுவது 'பாப்டிசம் ஆஃப் ஃபயர்' நூலில். கேமில் அவரைச் சந்தித்த சில நிமிடங்களிலேயே 'லேடி ஆஃப் தி லேக்'கின் முடிவில் நடந்தது பேச்சில் வந்துவிடும். டூசானும் அதன் சிற்றரசி ஆன்னா ஹென்ரியெட்டாவும்கூட அந்த நூலில் இருந்து வந்தவர்கள்தான். ஐந்து நாவல்களை முடித்துவிட்டுப் போனால், அந்தத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கெரால்ட் யாரை நினைத்து மௌனமாகிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2013இல் வந்த 'சீசன் ஆஃப் ஸ்டார்ம்ஸ்' காலக்கணக்கில் முன்னால் நடப்பது. ஆனாலும் ஐந்து நாவல்களுக்குப் பிறகே படியுங்கள், அதன் பின்னுரை மற்றவற்றைப் படித்தவருக்காக எழுதப்பட்டது. இளவயது கெரால்ட்டைச் சொல்லும் 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ரேவன்ஸ்' போலிஷில் 2024இலும் ஆங்கிலத்தில் 2025இலும் வந்தது. அதை டூசானை முடித்து கேமை அன்இன்ஸ்டால் செய்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.